பாலர் பொருட்கல்வி: சிக்கனமும் ஈகையும்

பிள்ளைகளுக்குப் பணத்தைப் பற்றி எதைக் கற்பிப்பது, எந்த வயதிற் கற்பிப்பது, யார் கற்பிப்பது என்னும் வினாவும், தமக்குக் கிடைத்ததில் ஒரு பங்கைப் பிறர்க்குக் கொடுக்கும் குணத்தை அவர்களிடம் எவ்வாறு வளர்ப்பது என்னும் வினாவும் நம்மவர் பேச்சில் தனித்தனி வினாக்களாகவே வழங்கி வருகின்றன. முன்னதற்கு வங்கி முகாமையாளரைப் பாடசாலைக்கு அழைக்கிறோம். பின்னதற்குச் சமயப் பெரியார் ஒருவரை அழைக்கிறோம். ஒருவர் சிக்கனத்தைப் பற்றியும் மற்றவர் தர்மத்தைப் பற்றியும் பிரசங்கம் செய்து போனபின், இருவரையும் கேட்ட பிள்ளை, தன் கையிலுள்ள இருபது ரூபாயை என்ன செய்வது என்ற விஷயத்தில் முன்பிருந்த நிலையிலேயே இருக்கிறது. சிக்கனமும் ஈகையும் ஒரே பாடத்தின் இரு பகுதிகள் என்பதும், பிரித்துக் கற்பிப்பதனாலேயே இரண்டும் பலவீனப்படுகின்றன என்பதும் என் அபிப்பிராயம். அதனை, நான் வாழும் குண்டசாலையையும் அதனைச் சூழ்ந்த கண்டிச் சீமையையும் முன்வைத்து இங்கே ஆராய விரும்புகிறேன்.

மகாவலி கங்கை வளைந்தோடும் கரையில் அமைந்த குண்டசாலை, 1707 முதல் 1739 வரை அரசாண்ட நரேந்திரசிங்க மன்னன் தன் வாசஸ்தலமாக விரும்பிய இடம். இன்று இப்பிரதேசத்தில் விவசாயக் கல்லூரி இருக்கிறது. பல்லேகலையில் கைத்தொழிற் பேட்டையும் கிரிக்கெட் மைதானமும் இருக்கின்றன. நத்தரம்பொத்தையில் பித்தளை விளக்கு வார்க்கும் கைவினைஞர் இருக்கின்றனர். திகன, ராஜவெல பக்கம் வியாபாரிகளும், பழைய தோட்டங்களின் லயங்களிற் பிறந்து இன்று கூலிக்கும் கடைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் செல்லும் தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. மாதச் சம்பளக்காரர் பிள்ளையும், நாட்கூலிக்காரர் பிள்ளையும், போகத்துக்குப் போகம் மட்டும் பணத்தைக் காணும் கமக்காரர் பிள்ளையும் ஒரே சந்தியில் ஒரே பஸ்ஸை எதிர்பார்த்து நிற்கும் ஊர் இது. பணம் இவ்வீடுகளில் வெவ்வேறு ரூபத்தில் வந்து வெவ்வேறு வேகத்தில் வெளியேறுகிறபடியால், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சிக்கன உபதேசத்தைச் செய்து அமைவது போதாதென்பது இங்கே வசிப்பவர்க்குப் பிரத்தியட்சமாய்த் தெரியும்.

முன்னோர் இவ்விஷயத்தை எவ்வாறு நோக்கினர் என்பதைச் சிறிது கவனிப்போம். தமிழ்ப் பிள்ளை எழுத்தறிந்தவுடன் படிக்கும் ஆத்திசூடியின் முதல் அடி அறத்தைப் பற்றியது. திருக்குறளோ ஒப்புரவையும் ஈகையையும் இல்லறவியலிற் பேசி, பொருளீட்டும் வகையைப் பின்னர் பொருட்பாலில் தனி அதிகாரமாக வகுத்து, வரவு சிறிதாயினும் செலவு அதனினும் பெருகாதவாறு பார்த்துக்கொள்ளும் விவேகத்தை வலியறிதல் அதிகாரத்தில் ஈகையோடு சேர்த்தே வைத்திருக்கிறது. பௌத்தர் போற்றும் சிகாலோவாத சூத்திரம், இல்லறத்தான் தன் வருவாயை நான்கு பங்காக்கி, ஒன்றை அனுபவித்து, இரண்டைத் தொழிலில் இட்டு, ஒன்றை ஆபத்துக்காலத்துக்கெனக் காத்து வைக்கும்படி கூறுகிறது. இஸ்லாம், ஓராண்டு கையிருப்பாகத் தங்கிய செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கை ஸகாத்தாகப் பிரித்துவிட வேண்டுமென்று கணக்கே விதித்திருக்கிறது. குண்டசாலையில் அடுத்தடுத்த வீதிகளில் வாழும் இச்சமயத்தவரின் போதனைகளை ஒருங்கு வைத்துப் பார்த்தால், பொருளைப் பேணுவதும் பொருளைக் கொடுப்பதும் பகைமையுடையன என்று எவரும் கருதவில்லை என்பது புலனாகும். ஸகாத்தைக் கணக்கிட வேண்டுமாயின் கையிருப்பு எவ்வளவென்பது தெரிந்திருக்க வேண்டுமல்லவா? கணக்கறியாதவன் கொடையையும் ஒழுங்காகச் செய்ய முடியாது.

நூல்களிற் கண்ட இவ்வுண்மையை வீட்டிற் கற்பித்த வழக்கம் பிடியரிசி. உலையில் இடுவதற்காகச் சுண்டினால் அளந்தெடுத்த அரிசியைக் களையுமுன், அதிலிருந்து ஒரு பிடியை அள்ளி அடுப்படி மூலையிலுள்ள தனிப்பானையில் இடுவது. பானை நிரம்பியதும் கோயிலுக்கோ, மடத்துக்கோ, வாசலில் வரும் ஏழைக்கோ கொடுப்பது. இவ்வளவே அதன் முறை. பல வீடுகளில் அம்மாயிமார் இப்பிடியைத் தம் கையால் அள்ளாமல் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு அள்ளச் சொல்வார்கள். பிள்ளையின் கை சிறியது, பிடியும் சிறியதே. ஆயினும், சோறு மிஞ்சியபின் கொடுப்பது வேறு, சோறாகுமுன்னே பிரித்து வைப்பது வேறு என்பதை அப்பிள்ளை எந்த வியாக்கியானமும் இல்லாமல் அறிந்துகொண்டது. அன்றன்று பிரித்ததைப் பல நாள் காத்திருந்து கொடுத்தபடியால், பொறுத்துச் சேர்க்கும் பழக்கமும் அதனோடு வந்தது. சேமிப்பும் கொடையும் ஒரே பானைக்குள் இருந்த இவ்வேற்பாட்டை விட நேர்த்தியான பாடத்தை நவீனக் கல்விமான்கள் யாரும் வகுத்துவிடவில்லை என்றே நான் எண்ணுகிறேன். ஒரு கிலோ பொதியிலும் ஐந்து கிலோ பொதியிலும் அரிசி வாங்கும் காலத்தில் அப்பானை நம் அடுப்படிகளிலிருந்து அநேகமாக மறைந்துபோயிற்று.

இனி, சேமிப்பு ஸ்தாபனங்களின் சரித்திரம். இலங்கையில் முதற் சேமிப்பு வங்கி 1832ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. தபாற்கந்தோர் சேமிப்பு வங்கி 1885இல் தொடங்கிற்று. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இவை இணைந்து தேசிய சேமிப்பு வங்கியாயின. பாடசாலைக்குள்ளேயே சேமிப்புக் கணக்கு நடத்தும் வழக்கம் பிரான்சு தேசத்து லெமான் நகரில் 1834இல் தோன்றி, பெல்ஜியத்துக் கென்ட் நகரில் 1866 அளவில் வலுப்பெற்றது. இந்தியாவில் சஞ்சாயிகா என்ற பெயரில் மாணவர் சேமிப்புத் திட்டம் நடந்தது. 1924இல் மிலான் நகரிற் கூடிய சேமிப்பு வங்கிகளின் மகாநாட்டிலிருந்து உலகச் சிக்கன தினம் பிறந்து, இன்றும் ஒக்டோபர் 31இல் கொண்டாடப்படுகிறது. நம் நாட்டில் சிறுவர் கணக்கில்லாத வங்கியே இல்லை எனலாம். பாடசாலைகளிலும் மாணவரே நடத்தும் சிறு வங்கி அலகுகள் உண்டு. சித்திரைப் புத்தாண்டு கழிந்து சுபநேரத்தில் வங்கிக் கதவு திறந்ததும், வெற்றிலையில் வைத்துத் தாத்தா கொடுத்த கைவிசேஷத்தைக் கணக்கிலிட வரும் பிள்ளைகளின் வரிசை கண்ணுக்கு இனிய காட்சி என்பதில் ஐயமில்லை.

ஆனால், அக்கணக்கினாற் பிள்ளை கற்பது யாது? கணக்கைத் திறப்பவர் தந்தை. பணத்தை இடுபவர் தாய். புத்தகம் அலுமாரியில் இருக்கிறது. பணமோ பிள்ளை பராயமடையும் வரை பெரும்பாலும் எடுக்க முடியாதபடி இருக்கிறது. பிள்ளை நேரே காண்பது, குறித்த தொகை சேர்ந்தவுடன் வங்கி அளிக்கும் உண்டியலையும், புத்தகப்பையையும், சுவர்க்கடிகாரத்தையும், மேலும் சேர்ந்தால் துவிச்சக்கர வண்டியையுமே. புலமைப்பரிசில் பரீட்சையிற் சித்தியடைந்தால் கணக்குள்ள பிள்ளைக்குப் பணப்பரிசும் உண்டு. வங்கிகள் வியாபார ஸ்தாபனங்கள். வாடிக்கையாளரைத் தொட்டிலிலேயே பிடித்துக்கொள்ள அவை பிரயத்தனப்படுவதைக் குற்றமென்று சொல்ல மாட்டேன். பெற்றோர் இதையே பொருட்கல்வி என்று நம்பித் திருப்தியடைவதுதான் தவறு. சேமிப்பு இங்கே பரிசு பெறும் உபாயமாகிவிடுகிறது. தன் சேமிப்பைக் குறித்து ஒரு தீர்மானமாவது செய்யாத பிள்ளை, பதினெட்டு வயதிற் புத்தகத்தைக் கையில் வாங்கி, அந்த வாரத்திலேயே கைத்தொலைபேசி வாங்குமாயின் அதில் ஆச்சரியப்பட யாதுமில்லை.

வங்கிக் கணக்கினும் வலிமையுடைய வேறொரு பாடப்புத்தகம் எங்கள் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு உண்டு. அது கடைக் கொப்பி. மடித்த மூலைகளும் எண்ணெய்க் கறையும் கொண்ட அக்கொப்பியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்து, கடையில் ஆட்கள் குறையும் வரை ஓரமாக நின்று, "அம்மா கொப்பியில எழுதிக்கச் சொன்னாங்க" என்று மெல்லிய குரலிற் கேட்கும் எட்டு வயதுப் பெண்பிள்ளையை யான் கண்டிருக்கிறேன். முதலாளி அரைக் கிலோ மாவையும் சீனியையும் கட்டிக் கொடுத்து, பென்சிலால் இரண்டு வரி எழுதி, கீழே பழைய பாக்கியைக் கூட்டிப் போட்டதை அப்பிள்ளை எட்டிப் பார்த்ததையும் கண்டிருக்கிறேன். கூட்டல் சரியோ என்று அது பார்த்தது. சிக்கனத்தைப் பற்றி எவரும் அப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை. வட்டி, தவணை, நம்பிக்கை, அவமானம் ஆகிய நான்கையும் அது ஏற்கெனவே படித்துவிட்டது.

இக்கொப்பிக்கு நீண்ட பூர்வ சரித்திரம் இருக்கிறது. தேயிலைப் பயிர் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்பவரால் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கப்பட்டதற்கு முன்பே, கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்த எம் மூதாதையர் பிரயாணச் செலவையே கடனாகச் சுமந்து வந்தவர்கள். தொழிலாளியின் கடன் தொகையைக் குறித்த துண்டுச் சீட்டு இல்லாமல் அவன் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாத நிலை நெடுங்காலம் நிலவி, 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சீட்டு ஒழிந்தாலும் முற்பணம் ஒழியவில்லை. இன்றும் தீபாவளி முற்பணம் வந்தாற்றான் லயத்தில் புதுத்துணி. அம்முற்பணம் மாதாமாதம் சம்பளத்திற் கழிக்கப்படும். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக 2021இல் உயர்ந்ததும், பின்னர் 2024இல் 1,350 ரூபாயாக உயர்ந்ததும் பெரும் போராட்டத்தின் பின்னர் நிகழ்ந்தவை. இத்தகைய வீட்டிற் பிறந்த பிள்ளையிடம் போய், 'சேமிக்கத் தெரியாததனாலேயே வறுமை வருகிறது' என்று சொல்லும் உபாத்தியாயர், அதன் தாய் தந்தையரை அதன் கண்முன்னே குற்றவாளிகளாக்குகிறார். வறுமைக்குக் காரணம் பெரும்பாலும் வருமானக் குறைவு என்ற உண்மையைச் சொல்லிவிட்டுப் பின்னரே சிக்கனத்தைப் பேசுவது நியாயம்.

ஆயினும், இதே தோட்டப்புறத்தில் பிறிதொரு கணக்கும் உண்டு. சம்பளச் சீட்டைக் கூர்ந்து பார்த்தால், ஊழியர் சேமலாப நிதிக்கும் தொழிற்சங்கச் சந்தாவுக்கும் கழித்தது போலக் கோயிற் பணம் என்று கழித்திருப்பதையும் பல தோட்டங்களிற் காணலாம். மாரியம்மன் திருவிழா நடப்பதும், லயத்தில் ஒருவர் இறந்தால் கூடாரமும் கதிரையும் பெட்டியும் வருவதும் இத்தகைய சிறு பணத்தினால்தான். சிங்களக் கிராமங்களில் மரணாதார சமிதி என்று வழங்கும் சங்கத்துக்கு நிகராக நம்மவரிடையே மரண உதவிச் சங்கங்கள் இருக்கின்றன. பெண்கள் பிடிக்கும் சீட்டுக்கோ கணக்கில்லை. மாதாமாதம் ஒருத்திக்கு விழும் அத்தொகையிலே ஒரு வீட்டுக்குக் கூரைத் தகடும், ஒரு பெண்ணுக்குத் தோடும், ஒரு பையனுக்குப் பரீட்சைக் கட்டணமும் உண்டாகின்றன. அவசரமுள்ளவளுக்குத் தன் முறையை விட்டுக்கொடுப்பதும் சீட்டில் சகஜம். ஏழைகள் கொடுப்பதில்லை, பெறுபவர் மட்டுமே என்ற எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இவற்றை விடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. எனினும், எந்த வீட்டிலும் சீட்டுக் கணக்கைப் பிள்ளையை அருகிருத்தி விளக்குவதைக் காண்பது அரிது.

மேனாட்டு ஆராய்ச்சியாளர் கண்டவற்றுள் நமக்குப் பயன்படுவன சில. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த இருவர் 2013இல் வெளியிட்ட அறிக்கை, பணத்தைக் கையாளும் பழக்கங்களின் அஸ்திவாரம் ஏழு வயதளவிலேயே இடப்பட்டுவிடுகிறது என்றது. ஓர் இனிப்பை உடனே உண்ணாமற் பொறுத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்று சொல்லிப் பிள்ளைகளைச் சோதித்த அமெரிக்கப் பரிசோதனை உலகெங்கும் பிரசித்தமானது. பொறுத்த பிள்ளை பிற்காலத்தில் சிறப்படையும் என்று அதிலிருந்து பலர் முடிவு கட்டினர். 2018இல் அதைப் பெருந்தொகைப் பிள்ளைகளிடம் மீண்டும் ஆராய்ந்தபோது, குடும்பத்தின் வசதியையும் தாயின் கல்வியையும் கணக்கிற் கொண்டதும் அத்தொடர்பு வெகுவாகச் சுருங்கிப்போயிற்று. எங்கள் கடைக் கொப்பியைக் கண்டவர்க்கு இது விளங்கும்: நாளைக்கு இரண்டு கிடைக்கும் என்ற வாக்குறுதி காப்பாற்றப்படும் வீட்டிற் பிறந்த பிள்ளையே இன்றைக்குப் பொறுத்திருக்கும்.

ஈகையைப் பற்றிய ஆராய்ச்சி இன்னும் சுவையானது. ஜெர்மனி தேசத்து லைப்சிக் நகரில் இரு ஆராய்ச்சியாளர், இருபது மாதக் குழந்தைகள் பிறர் தவறவிட்ட பொருளைத் தாமாகவே எடுத்துக் கொடுப்பதைக் கண்டு, அவ்வுதவிக்கு விளையாட்டுப் பொருளைப் பரிசாகக் கொடுத்துப் பார்த்தனர். பரிசு பெற்ற குழந்தைகள், பரிசு நின்றதும், பரிசே பெறாத குழந்தைகளை விடக் குறைவாக உதவின. இது 2008இல் வெளிவந்தது. 2012இல் கனடாவில் நடந்த வேறோர் ஆராய்ச்சி, இரண்டு வயது நிரம்பாத குழந்தைகள் தின்பண்டத்தைப் பெறும்போதை விடக் கொடுக்கும்போது அதிக மகிழ்ச்சி காட்டுவதையும், அங்கேயே கிடைத்த பிறிதொன்றைக் கொடுக்கும்போதை விடத் தம் பங்கிலிருந்து கொடுக்கும்போது அம்மகிழ்ச்சி இன்னும் கூடுவதையும் கண்டது. கொடுக்கும் இன்பம் நாம் புகட்டுவதன்று, பிறவியில் உள்ளது என்பதையும், பரிசும் சான்றிதழும் அதை வளர்ப்பதற்குப் பதிலாக வாட்டிவிடலாம் என்பதையும், கொடை தன்னுடையதிலிருந்து சென்றாலே உள்ளம் நிறையும் என்பதையும் இவை காட்டுகின்றன.

பாடசாலைப் பொருட்கல்வி பயன் தருகிறதா என்பதில் அறிஞரிடையே பெரும் வாதம் நிகழ்கிறது. பிரேசில் தேசத்தில் 892 உயர்நிலைப் பாடசாலைகளில் நடந்த பரிசோதனையில் மாணவர் சேமிப்பு உயர்ந்தது. கூடவே அதிக வட்டிக் கடனை நாடும் போக்கும் சிறிது உயர்ந்தது. கானா தேசத்து ஆராய்ச்சி நம் விஷயத்துக்கு மிக நெருக்கமானது. அங்கே சில பாடசாலைகளிற் பணப்பாடம் மட்டும் கற்பித்தனர். வேறு சிலவற்றில், மும்பையில் ஜெரூ பில்லிமோரியா என்னும் மாது தொடங்கிய அஃப்லாத்தூன் முறைப்படி, பணப்பாடத்தோடு பிள்ளைகளின் உரிமையையும் சமூகக் கடமையையும் சேர்த்துக் கற்பித்தனர். ஒன்பது மாதத்தின் பின் பார்க்கையில், இரு வகைப் பாடசாலைகளிலும் சேமிக்கும் பழக்கம் உயர்ந்திருந்தது. பெரும்பாலும் வீட்டில் வைத்த காசு பாடசாலைப் பெட்டிக்கு மாறியதே அதற்குக் காரணம். ஆனால், பணப்பாடம் மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னிலும் அதிகமாகக் கூலி வேலைக்குப் போகத் தலைப்பட்டனர். இரண்டையும் சேர்த்துக் கற்ற பிள்ளைகளிடம் அது காணப்படவில்லை. இரு முறைகளுக்கும் இடையிலான வித்தியாசம் கணித முறைப்படி உறுதி என்று சொல்லத்தக்கதன்று என்பதை ஆராய்ச்சியாளரே நேர்மையாகக் கூறியிருப்பதால், இதன்மேற் பெருங்கோட்டை கட்டலாகாது. இருப்பினும், பணத்தின் அருமையை மட்டும் பிள்ளைக்கு உணர்த்தினால் புத்தகத்தை வைத்துவிட்டுப் பணத்தின் பின்னே ஓடவும் கூடும் என்ற எச்சரிக்கையை, கொத்து வேலைக்கும் கடை வேலைக்கும் பத்தாம் வகுப்பிலேயே பையன்கள் நழுவிப்போகும் எம் பிரதேசத்தில் அலட்சியம் செய்வதற்கில்லை.

சேமித்தால் நன்மை உண்டு என்று சொல்லும்போது மறைக்கக்கூடாத ஓர் உண்மை இருக்கிறது. 2022 ஏப்பிரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது; அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டி முந்திய ஆண்டை விட 69.8 வீதம் உயர்ந்திருந்தது. நூறு ரூபாய்க்கு வாங்கியதை ஏறக்குறைய 170 ரூபாய் கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. பல ஆண்டு உண்டியலிற் சேர்த்துச் சைக்கிள் வாங்க எண்ணிய பிள்ளைக்கு, அப்பணத்தால் சைக்கிளின் பாதியே வாங்கலாம் என்றாயிற்று. 'நான் என்ன பிழை செய்தேன்?' என்று அப்பிள்ளை கேட்டால், பிழை உன்னுடையதன்று, நாட்டுக் கணக்கை நடத்தினவர்களுடையது என்று சொல்லப் பெரியோர்க்குத் துணிவு வேண்டும். வீட்டுக் கணக்கைப் போல நாட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு; அதிற் கடனும் வரியும் உண்டு; 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கர அவர்களின் முயற்சியால் வந்த இலவசக் கல்வியும், நாம் கட்டணமின்றிப் பெறும் வைத்தியமும், பாடப்புத்தகமும், பாடசாலைச் சீருடைத் துணியும் அவ்வரியிலிருந்து வந்தன என்பதையும் பிள்ளை அப்போதே அறியலாம். திருப்பிக் கொடுத்தல் என்ற எண்ணத்துக்கு இதனைவிட நேரான காரணம் கிடையாது. நாம் யாவரும் முன்னமே பெற்றுக்கொண்டவர்கள்.

ஈகையைக் கற்பிக்கும் முறைகளில் இந்நாட்டுக்குக் குறைவில்லை. உலக நாடுகளின் கொடைப் பண்பை ஒப்பிட்ட சர்வதேசக் கணிப்பில் இலங்கை சில ஆண்டுகளில் முதற் பத்து நாடுகளுள் இடம் பெற்றது. வெசாக் காலத்தில் கண்டியிலிருந்து திகன வரை வீதியோரம் எங்கும் தன்சல் கொட்டகைகள் எழும். சோறும் மரவள்ளிக் கிழங்கும் பானமும் வருவோர் போவோர்க்கெல்லாம் வழங்கப்படும். பஸ்ஸை மறித்து உள்ளிருப்பவரை இறங்கி உண்டு போகும்படி கொடி பிடித்துக் கெஞ்சுபவர்கள் பெரும்பாலும் சிறுவர்களே. உண்பவர் எச்சமயத்தவர், எம்மொழியினர் என்று யாரும் கேட்பதில்லை. இப்பண்பு இந்த ஊருக்கு எவ்வளவு அவசியம் என்பதை 2018 மார்ச் மாதம் நினைவுறுத்தும். அப்போது திகனயிலும் தெல்தெனியப் பக்கத்திலும் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் தீயிடப்பட்டு, நாட்டில் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. தன் கோயிலுக்கும் தன் பள்ளிக்கும் தன் விகாரைக்கும் மாத்திரம் கொடுக்கப் பழகிய பிள்ளை ஈகையின் பாதியையே படித்திருக்கிறது. அடுத்த வீதிக்காரருக்குக் கொடுப்பதும், அவர் கொடுப்பதைச் சங்கோசமின்றிப் பெற்றுக்கொள்வதும் மறுபாதி.

பணமில்லாத பிள்ளையும் கொடுக்கலாம் என்பதைச் செய்து காட்டியவர் ஏ. டி. ஆரியரத்ன. கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியராயிருந்த அவர், 1958 டிசெம்பரில் தம் மாணவரைக் கனத்தொலுவை என்னும் ஒதுக்கப்பட்ட கிராமத்துக்கு அழைத்துச் சென்று, கிராம மக்களோடு தங்கி, கிணறும் பாதையும் அமைக்கும் உழைப்பிற் பங்குகொள்ளச் செய்தார். சர்வோதய சிரமதான இயக்கம் அதிலிருந்தே வளர்ந்தது. கண்டி திரித்துவக் கல்லூரியில் 1904 முதல் 1924 வரை அதிபராயிருந்த ஃபிரேசர் காலத்திலும், வசதியுள்ள வீட்டுப் பையன்கள் நகரத்து ஏழைகளின் குடியிருப்புகளை நேரிற் காணும்படி மாணவர் சமூக சேவைச் சங்கம் இயங்கிற்று. இவ்விரண்டிலும் பிள்ளைகள் உதவி பெறுவோரின் முகத்தைக் கண்டனர், அவர்களோடு பேசினர், உண்டனர். இன்று நம் பாடசாலைகளில் நடப்பதோ பெரும்பாலும் வேறு. 'நாளைக்கு ஆளுக்கு நூறு ரூபாய் கொண்டு வாருங்கள்' என்று வகுப்பில் அறிவிக்கப்படுகிறது. பிள்ளை தாயிடம் வாங்கி ஆசிரியரிடம் கொடுக்கிறது. உதவி பெறும் பிள்ளையை மேடையேற்றிப் புகைப்படம் எடுக்கிறார்கள். இதிற் கொடுத்த பிள்ளை தூதன் மாத்திரமே. நூறு ரூபாய் கொண்டுவர இயலாத பிள்ளையோ அன்றைக்குப் பாடசாலைக்கு வராமல் நின்றுவிடுகிறது. தானம் என்ற பெயரில் ஏழைப் பிள்ளையை வெட்கப்படுத்தும் இவ்வழக்கத்தை உடனே கைவிடுதல் வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? விடை எம் பிரதேசத்தின் சரித்திரத்திலேயே இருக்கிறது. இலங்கையில் கூட்டுறவுக் கடன் இயக்கம் 1906ஆம் ஆண்டில் வேர்விட்ட இடம், மெனிக்ஹின்னையும் தெல்தெனியவும் அடங்கிய இதே தும்பறைப் பகுதியாகும். ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் 1860களில் ஏழைக் கமக்காரருக்காக வகுத்த முறையைப் பின்பற்றி, கிராமத்தவர் தம் சிறு சேமிப்பை ஒன்றாக இட்டு, அதிலிருந்தே தம்முள் தேவையுள்ளவர்க்கு நியாய வட்டியிற் கடன் வழங்கினர். 1911இல் இத்தகைய சங்கங்களுக்குச் சட்டம் வந்தது. 1978க்குப் பின் பி. ஏ. கிரிவந்தெனிய அவர்களின் தலைமையில் சணச இயக்கமாகப் புத்துயிர் பெற்று நாடெங்கும் பரவிற்று. ஒருவன் தனக்கெனச் சேமித்த பணமே அயலானின் ஆபத்துக்கு உதவுகிறது. அயலான் ஒழுங்காகத் திருப்பிக் கொடுப்பதே இவனுடைய சேமிப்பைக் காக்கிறது. வங்கிக் கணக்கிற் சிக்கனம் மட்டும் உண்டு, உண்டியற் காணிக்கையில் ஈகை மட்டும் உண்டு. கூட்டுறவுச் சங்கத்தில் இரண்டும் ஒரே கணக்கில் நிகழ்கின்றன. பிடியரிசிப் பானையின் தர்க்கமும் இதுவே.

ஆகையால், ஐந்தாம் வகுப்புக்கு மேற்பட்ட ஒவ்வொரு வகுப்பிலும் சிறு சிக்கனச் சங்கமொன்றை அமைக்கலாம். பிள்ளைகள் வாரந்தோறும் தம்மால் இயன்றதை, பத்து ரூபாயாயினும் ஐந்து ரூபாயாயினும், இடட்டும்; இயலாத வாரம் இடாதிருக்கட்டும்; யார் எவ்வளவு இட்டார் என்று உரக்க வாசிக்கும் வழக்கம் வேண்டாம். ஒவ்வொருவர் பணமும் அவரவர் பெயரிலேயே இருக்க, மொத்தத்தில் ஒரு சிறு பங்கை வகுப்பார் கூடி ஒப்புக்கொண்டு பொதுப் பங்காக வைத்து, அதிலிருந்து கொப்பியில்லாதவருக்குக் கொப்பியும், செருப்பறுந்தவருக்குச் செருப்பும் வட்டியில்லாக் கடனாகவோ கொடையாகவோ அளிக்கலாம். எதற்குக் கொடுப்பது என்பதைப் பிள்ளைகளே விவாதித்துத் தீர்மானிக்கட்டும். அவர்கள் தவறாகத் தீர்மானித்தாலும் ஆசிரியர் குறுக்கிடாமல், மாத முடிவில் வரவு செலவைக் கரும்பலகையில் எழுதி, என்ன நேர்ந்ததென்று அவர்களையே கேட்கட்டும். உதவி பெற்றவர் பெயரைப் பொருளாளரும் ஆசிரியரும் அன்றி வேறெவரும் அறியலாகாது. கணக்குப் புத்தகத்தில் தன் பக்கத்தைப் பிள்ளை தானே விரல் வைத்து வாசிக்க வேண்டும். பரிசு, சான்றிதழ், புகைப்படம் ஒன்றும் வேண்டியதில்லை.

வீட்டிலும் இதற்கு இணையான ஒழுங்கு வேண்டும். சம்பள நாளன்று வந்த தொகையையும் கடைப் பாக்கியையும் சீட்டுப் பணத்தையும் பத்து வயதுப் பிள்ளையின் முன்னே எண்ணிப் பிரிப்பதிற் குறைவேதும் இல்லை. கடன் இருப்பதை மறைக்கும் வீட்டில் பிள்ளை பயத்தைக் கற்கிறது, காட்டும் வீட்டில் கணக்கைக் கற்கிறது. கைவிசேஷப் பணத்தில் ஒரு பகுதியையேனும் பிள்ளையின் சுயேச்சைக்கு விட்டு, அதைத் தின்றாலும் சேர்த்தாலும் கொடுத்தாலும் கண்டிக்காமல் இருக்கும் பொறுமை பெற்றோர்க்கு வேண்டும். கொடுக்கும்படி வற்புறுத்திப் பெற்ற கொடை பிள்ளையினுடையதாகாது.

இப்பிரதேசத்துத் தமிழ், சிங்கள, முஸ்லிம் பாடசாலைகளின் அதிபர்களையும் ஆசிரியர்களையும் நான் வேண்டிக்கொள்வது இதுவே: வரும் தவணையிலே ஒரே ஒரு வகுப்பில் இச்சங்கத்தைத் தொடங்கிப் பாருங்கள். ஒரு கொப்பியும், பூட்டுள்ள ஒரு பெட்டியும், வாரத்தில் அரை மணி நேரமும் போதும். அருகிலுள்ள கூட்டுறவுச் சங்கத்தின் கணக்காளர் ஒருவரை மாதம் ஒருமுறை வந்து கணக்கைப் பரிசோதிக்கும்படி கேளுங்கள். அவர்கள் மறுக்க மாட்டார்கள்.